தளத்தைத் திறந்து பார்த்தாலே 3 வருஷம் ஜெயிலா?

22 ஆகஸ்ட் 2016, ஒரு வாசகரின் கேள்வி

என் பையன் பிளஸ் டூ படிக்கிறான். நேற்று ராத்திரி கம்ப்யூட்டரில் ஏதோ ஒரு தளத்தைத் திறந்திருக்கிறான். படம் வரவில்லை, எச்சரிக்கைதான் வந்தது. இந்த முகவரி தடுக்கப்பட்டிருக்கிறது, இதில் உள்ள திருட்டுப் பிரதியைப் பார்த்தாலோ இறக்கினாலோ நகலெடுத்தாலோ 3 வருஷம் வரை சிறை, 3 லட்சம் வரை அபராதம் என்று போட்டிருக்கிறது. திறந்தது மட்டும்தான், எதையும் இறக்கவில்லை என்கிறான். டிவியிலும் இதே பேச்சு. வக்கீலைப் பார்க்க வேண்டுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

22 ஆகஸ்ட் 2016, இரவு

வக்கீல் வேண்டாம். பையனுக்குச் சோறு போடுங்கள், பயந்து சாப்பிடாமல் இருப்பான்.

நான் வக்கீல் இல்லை. கும்பகோணத்தில் கல்யாண வீடியோ எடுக்கிறவன். ஆனால் இந்தத் தடுப்பு விவகாரத்தில் ஒருமுறை அடிபட்டிருப்பதால் காப்புரிமைச் சட்டத்தைக் கொஞ்சம் புரட்டி வைத்திருக்கிறேன். 1957-ஆம் வருஷத்துச் சட்டம். அதில் 63-ஆம் பிரிவுதான் முக்கியம்: தெரிந்தே உரிமையை மீறினால் 6 மாதம் முதல் 3 வருஷம் வரை சிறை, 50 ஆயிரம் முதல் 2 லட்சம் வரை அபராதம். அந்தப் பிரிவில் 2 லட்சம்தான் இருக்கிறது. எச்சரிக்கையில் வரும் 3 லட்சம் யார் கணக்கு என்று எனக்குப் புரியவில்லை.

திறந்தால் குற்றமில்லை. அவ்வளவுதான்.

23 ஆகஸ்ட் 2016

நேற்று "அவ்வளவுதான்" என்று முடித்தது அவசரம். டோரண்டும் அப்படித்தானே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை. டோரண்டில் நாம் படத்தை இறக்கிக்கொண்டிருக்கும்போதே, நம்மிடம் வந்து சேர்ந்த துண்டுகள் அதே படத்தைக் கேட்கும் மற்றவர்களுக்கும் போய்க்கொண்டிருக்கும். சும்மா வாங்கி வைத்துக்கொள்கிறோம் என்று நினைப்போம், நம் வீட்டுக் கம்ப்யூட்டர் சின்னதாக ஒரு கடை விரித்து உட்கார்ந்திருக்கும். அது பார்ப்பதில் சேராது, விநியோகத்தில் சேரும். பையனிடம் அந்த ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

25 ஆகஸ்ட் 2016

எங்கே அடிபட்டாய் என்று கேட்கிறார்கள். சொல்கிறேன்.

2012 மே மாதம். நல்ல முகூர்த்த சீசன். அப்போதெல்லாம் மாதிரி வீடியோக்களை விமியோவில்தான் போட்டு வைத்திருந்தேன், படம் பளிச்சென்று இருக்கும். மாயவரம் பக்கம் ஒரு பெண் வீட்டார். மாப்பிள்ளை துபாயில் இருந்தார், அவருக்கும் பிடித்தால்தான் முன்பணம் என்று சொல்லிவிட்டார்கள். இணைப்பை அனுப்பினேன். துபாயில் திறந்தது. பெண்ணின் அப்பா வீட்டில் திறக்கவில்லை. நீதிமன்ற உத்தரவுப்படி தடுக்கப்பட்டது என்று ஒரே ஒரு வரி மட்டும், வெள்ளைத் திரையில்.

அந்த மனிதர் எனக்குப் போன் பண்ணினார். கோபமாகப் பேசியிருந்தால் சமாளித்திருப்பேன். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "தம்பி, உங்க மேல ஏதாவது கேஸ் இருக்கா?" என்று கேட்டார். இல்லை என்று எப்படி நிரூபிப்பது? திரையில் கோர்ட் என்று எழுதியிருக்கிறதே. அந்தக் கல்யாணம் வேறு ஆளுக்குப் போய்விட்டது.

நடந்தது இதுதான். '3' என்ற தமிழ்ப் படமும் 'தம்மு' என்ற தெலுங்குப் படமும் இணையத்தில் வராமல் இருக்கச் சென்னை உயர் நீதிமன்றத்தில் உத்தரவு வாங்கியிருந்தார்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு இணைய நிறுவனங்கள் சில, குறிப்பிட்ட பக்கங்களை மூடுவதற்குப் பதிலாகத் தளங்களையே மூடின. திருட்டுப் படத்துக்குப் பேர்போன பைரேட் பே போனது, சரி. கூடவே வீடியோத் தளங்களான விமியோ, டெய்லிமோஷன், அப்புறம் பேஸ்ட்பின் எல்லாம் போயின. பேஸ்ட்பின்னில் எந்தப் படத்தை ஐயா ஓட்ட முடியும்? அது வெறும் எழுத்தை ஒட்டி வைக்கும் இடம். ஜூன் 22-ஆம் தேதி நீதிமன்றமே தெளிவுபடுத்தியது: குறிப்பிட்ட முகவரிகளை மட்டும்தான் தடுக்க வேண்டும், தளம் முழுவதையும் அல்ல. அதற்குள் வைகாசி முகூர்த்தம் முடிந்து ஆனியும் பிறந்துவிட்டது.

அந்த ஜூனில் இந்தத் தடுப்பை எதிர்த்து மும்பையில் பையன்கள் முகமூடி போட்டுக்கொண்டு போராட்டம் நடத்தினார்கள். எனக்கும் ஒன்று வாங்கி மாட்டிக்கொள்ளலாமா என்று தோன்றியது உண்மை.

27 ஆகஸ்ட் 2016

அமெரிக்காவில் சோப்பா என்று ஒரு மசோதா வந்ததே, அதுவும் இதுதானா என்று ஒருவர் கேட்கிறார். கிட்டத்தட்ட. 2011 அக்டோபரில் அங்கே கீழவையில் கொண்டுவந்தார்கள், மேலவையில் அதற்கு ஜோடி பிப்பா. திருட்டுத் தளம் என்று பெயர் எடுத்த வெளிநாட்டுத் தளத்துக்குப் பணம் போகாமல், விளம்பரம் போகாமல், தேடினால் கிடைக்காமல், முகவரி போட்டாலும் திறக்காமல் செய்வதுதான் திட்டம். 2012 ஜனவரி 18-ஆம் தேதி ஆங்கில விக்கிப்பீடியா ஒரு நாள் முழுக்க இருட்டாக இருந்தது, கூகுள் தன் பெயரைக் கறுப்புப் பட்டை போட்டு மறைத்தது. இரண்டே நாளில் இரண்டு மசோதாவையும் ஒத்திப்போட்டுவிட்டார்கள்.

இதில் எனக்கு உறுத்துவது வேறு. அங்கே சட்டம் வருவதற்கு முன்பே ஊர் கூடிச் சத்தம் போட்டது. இங்கே நாலு மாதத்தில் அதே தடுப்பு, சட்டம் எதுவும் புதிதாக வராமலே நடந்துவிட்டது. ஓர் உத்தரவு போதுமாக இருந்தது. மசோதா என்றால் யாராவது எம்.பி. எழுந்து நின்று ஏதாவது கேட்பார். உத்தரவு ஒன்று இருப்பதே நமக்கு வெள்ளைத் திரை வந்த பிறகுதான் தெரிகிறது.

அதுவும் யார் மேல் உத்தரவு? "அசோக் குமார்" மேல். கிண்டல் இல்லை. திருடன் யார் என்று தெரியாதபோது வெளிநாட்டில் ஜான் டோ என்று பெயர் போட்டு வழக்குத் தொடுப்பார்களாம். நம் ஊரில் அந்த அநாமதேயத்துக்கு வைத்த பெயர் அசோக் குமார். படம் வெளியாவதற்கு முன்னாடியே, இன்னும் திருடாத, முகம் தெரியாத அசோக் குமாருக்குத் தடை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். எங்கள் தெருவிலேயே இரண்டு அசோக் குமார் இருக்கிறார்கள். ஒருவர் எல்.ஐ.சி. ஏஜெண்ட், இன்னொருவர் ரிட்டயர்ட் ஹெட்மாஸ்டர். இரண்டு பேரும் இன்னும் தியேட்டரில் டிக்கெட் வாங்கித்தான் பார்க்கிறார்கள்.

4 செப்டம்பர் 2016

கேள்வி கேட்ட அப்பாவுக்கு நல்ல சேதி. அந்த எச்சரிக்கை வாசகமே ஓர் இந்திப் படத்துக்காகப் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் நடந்த வழக்கில்தான் பிறந்தது. அதே வழக்கில் நீதிபதி கௌதம் பட்டேல் இப்போது தெளிவாக எழுதிவிட்டார்: பார்ப்பது குற்றமில்லை, அனுமதியில்லாமல் விநியோகிப்பதும் பொதுவில் காட்டுவதும் விற்பதும் வாடகைக்கு விடுவதும்தான் குற்றம். "பார்த்தாலோ" என்ற சொல் அந்த வாசகத்தில் இருந்திருக்கவே கூடாது.

இந்த நீதிபதியிடம் எனக்குப் பிடித்தது இன்னொன்று. தளம் முழுவதையும் மூடு என்று கேட்டபோது முதலில் மறுத்துவிட்டார். எந்தெந்தப் பக்கம் என்று சரிபார்த்து, பிரமாணப் பத்திரத்தோடு பட்டியல் கொண்டுவா என்றார். மூடும் பக்கத்தில் ஏன் மூடினோம், யாரிடம் முறையிடலாம் என்று எழுது என்றார். அந்த விளக்கம் எழுதப்போய்த்தான் "பார்த்தாலோ" வந்து ஒட்டிக்கொண்டது. நல்ல எண்ணத்தில் மாட்டிய பலகை ஒரு பிளஸ் டூ பையனைச் சாப்பிடவிடாமல் செய்துவிட்டது.

5 செப்டம்பர் 2016

"அப்படியானால் திருட்டை ஆதரிக்கிறாயா" என்று ஒரு நண்பர் சூடாக எழுதியிருக்கிறார். இல்லை. ஆனால் யோக்கியன் வேஷமும் போட மாட்டேன்.

எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு விசிடி கடை இருந்தது. பத்து ரூபாய்க்கு வாடகை. முன்வரிசையில் நல்ல படம், சாமி பட காலண்டருக்குப் பின்னால் புதுப் படம். காலண்டரை லேசாகத் தூக்கினால் போதும், அவருக்குப் புரிந்துவிடும். வாரத்துக்கு இரண்டாவது எடுத்திருப்பேன். நடுவில் தியேட்டரில் யாரோ எழுந்து நடந்து போகிற தலை தெரியும், பக்கத்து சீட் குழந்தை அழும். இன்றைக்கும் சில படங்களை அந்தக் குழந்தையின் அழுகையோடுதான் ஞாபகம் வைத்திருக்கிறேன்.

2004-ல் தமிழ்நாட்டில் குண்டர் சட்டத்தில் வீடியோ திருடர்களையும் சேர்த்தார்கள். 1982-ல் கள்ளச்சாராயக்காரர்களுக்கும் அடிதடி ஆட்களுக்கும் குடிசை நிலம் பறிப்பவர்களுக்கும் போட்ட சட்டம். விசாரணை இல்லாமல் ஒரு வருஷம் வரை உள்ளே வைக்கலாம், ஜாமீன் கிடையாது. அந்த வருஷமே கடைக்காரர் ஷட்டரை இறக்கிவிட்டு செல்போன் ரீசார்ஜ் கடை போட்டார். பயந்தது அவர்தான். அவருக்கு மாஸ்டர் பிரதி அனுப்பியவர் யார் என்று கடைசிவரை யாருக்கும் தெரியாது.

10 ஆகஸ்ட் 2017

ஒரு வருஷம் கழித்துத் திரும்பி வருகிறேன். 2012-ல் நீதிமன்றமே தெளிவுபடுத்திவிட்டது, இனி தளம் முழுவதையும் மூட மாட்டார்கள் என்று நிம்மதியாக இருந்தேன். தப்பு.

இன்று இன்டர்நெட் ஆர்க்கைவ் திறக்கவில்லை. archive என்று அடித்துப் பார்த்தால் பழைய வெள்ளைத் திரை. உலகத்துப் பழைய புத்தகம், பழைய இணையப் பக்கம், பழைய இசைத்தட்டு எல்லாம் சேர்த்து வைக்கும் நூலகம் அது. நான் அங்கே போவது பழைய நாகஸ்வர இசைத்தட்டுகளுக்காக. மங்கல இசைக்கு எந்த வித்வான் எங்கே நிறுத்தி எடுக்கிறார் என்று தெரிந்தால்தான் எடிட்டிங்கில் தாலி கட்டும் இடத்தைச் சரியாக வெட்ட முடியும்.

இரண்டு இந்திப் படங்களுக்காகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் வாங்கிய உத்தரவாம். பட்டியலில் 2,650-க்கும் மேல் தளங்கள். அத்தனையையும் ஒருவர் திறந்து பார்த்திருப்பார் என்று நம்ப முடியவில்லை. ஒன்றுக்கு ஐந்து நிமிஷம் வைத்தாலும் 220 மணி நேரம் ஆகும். பம்பாயில் கேட்ட பிரமாணப் பத்திரம் எவ்வளவு பெரிய விஷயம் என்று இப்போது புரிகிறது.

வாடிக்கையாளர் சேவை எண்ணுக்குப் போன் போட்டேன். அந்தப் பெண் பாவம், "சார், மோடத்தை ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்றார்.

19 ஆகஸ்ட் 2017

திறந்துவிட்டது. மோடத்தை ஆஃப் பண்ணி ஆன் பண்ணியதால் அல்ல.

11 பிப்ரவரி 2018

கொஞ்சம் வெட்கத்தோடு எழுதுகிறேன். பக்கத்து ஊர் ஸ்டுடியோ ஒன்று என் வீடியோவைத் திருடிவிட்டது. மகாமகக் குளத்துப் படியில் ஒரு ஜோடி இறங்கி வரும் காட்சி, விடியற்காலை ஐந்தே முக்காலுக்குப் போய் எடுத்தது. மூலையில் இருந்த என் பெயரை வெட்டிவிட்டுத் தங்கள் பெயரைப் போட்டிருக்கிறார்கள். பார்த்ததும் காது சூடாகிவிட்டது.

2012-ல் திருத்திய காப்புரிமைச் சட்டத்தில் இதற்கு வழி இருக்கிறது. உரிமையாளர் எழுத்தில் புகார் கொடுத்தால் தளம் 36 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும், 21 நாளைக்குள் நீதிமன்ற உத்தரவு காட்டாவிட்டால் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். நான் அவ்வளவு தூரம் போகவில்லை. தளத்திலேயே ஒரு படிவம் இருந்தது, நிரப்பினேன். இரண்டாம் நாள் காணாமல் போய்விட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், எதிர்த்தரப்பு என்ன சொல்லும் என்று அந்த இரண்டு நாளும் ஒரு நிமிஷம்கூட நான் யோசிக்கவில்லை. இதே இடத்தில் இரண்டு வருஷமாக நான் திட்டிக்கொண்டிருக்கும் தயாரிப்பாளர்களும் இப்படித்தான் போலிருக்கிறது.

9 மார்ச் 2018

கடவுள் இருக்கிறார். அதே படிவம் இந்த முறை என் மேல் வந்துவிட்டது.

தை மாதம் எடுத்த ஒரு கல்யாணம். நேரடி நாகஸ்வரம், மண்டபத்து மைக்கில் பதிவு செய்தது. வாசித்தது தியாகராஜர் கிருதி. யூடியூபில் ஏற்றிய அரை மணியில் ஒரு பாட்டு நிறுவனத்துக்குச் சொந்தமான ஒலி என்று அறிவிப்பு. தியாகராஜர் 1847-ல் சமாதி ஆனவர், காப்புரிமை எல்லாம் எப்போதோ முடிந்துபோன சொத்து. ஏதோ ஒரு ஆல்பத்தில் அதே கிருதி இருந்திருக்கிறது. இயந்திரத்துக்கு இரண்டும் ஒன்று. வித்வானிடம் சொன்னேன். கோபப்படுவார் என்று பார்த்தால் அவருக்கு ஒரே சந்தோஷம். "கம்ப்யூட்டருக்கே வித்தியாசம் தெரியலைன்னா நான் அவ்ளோ நல்லா வாசிச்சிருக்கேன்னு அர்த்தம்" என்றார்.

மறுப்பு எழுதிப் போட்டேன். பதினெட்டாம் நாள் விடுவித்தார்கள்.

(சினிமாப் பாட்டு போட்டு நான் மிக்சிங் பண்ணிக் கொடுத்த நூற்றுக்கணக்கான கல்யாணங்களைப் பற்றி யாராவது கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்: ஆமாம், ஒன்றுக்கும் அனுமதி வாங்கவில்லை. எந்தக் கல்யாண வீடியோக்காரர் வாங்குகிறார்?)

21 ஏப்ரல் 2019

டெல்லி உயர் நீதிமன்றத்தில் நீதிபதி மன்மோகன் 10-ஆம் தேதி கொடுத்த தீர்ப்பைப் படித்தீர்களா? ஒரு தளத்தை மூடினால் அது பெயரில் ஓர் எழுத்தை மாற்றிக்கொண்டு அடுத்த நாள் திறந்துவிடுகிறது. அந்தப் புதுப் பெயரையும் புது வழக்குப் போடாமலே பட்டியலில் சேர்க்கலாம் என்று வழி செய்திருக்கிறார்கள். தமிழ் ராக்கர்ஸ் வாரத்துக்கொரு வால் மாற்றிக்கொண்டு திரிவதைப் பார்த்தவர்களுக்கு இது நியாயமாகத்தான் படும். எனக்கும் படுகிறது. திருட்டுத்தான் முழுநேரத் தொழில் என்று தெரிந்த தளத்துக்குத்தான் இது என்றும் அளவுகோல் வைத்திருக்கிறார்கள். 2012-க்கு இது எவ்வளவோ மேல்.

ஆனால் கடைசியில் ஒரு யோசனை இருக்கிறது, அதுதான் நம் பிளஸ் டூ பையனைத் திரும்பவும் இழுத்துக்கொண்டு வருகிறது. திருட்டுப் படம் பார்ப்பவர்களுக்கு மின்னஞ்சலிலோ திரையிலோ எச்சரிக்கை அனுப்பி, கேட்காவிட்டால் அபராதம் போடும்படி அரசு கொள்கை வகுக்கலாமே என்கிறார்கள். 2016-ல் "பார்ப்பது குற்றமில்லை" என்று சொன்னார்களே என்று நான் நிம்மதியாக எழுதியதை இப்போது கொஞ்சம் அடைப்புக்குறிக்குள் போட்டுக்கொள்ளுங்கள். இன்னும் யோசனைதான், சட்டமில்லை.

இதை பிரான்சில் செய்து பார்த்துவிட்டார்கள். 2009-ல் ஹடோப்பி என்று ஒரு சட்டம். இரண்டு எச்சரிக்கை, மூன்றாவதில் இணைப்பையே துண்டிக்கலாம். 2013 ஜூனில் ஒரே ஒருவருக்கு 600 யூரோ அபராதமும் 15 நாள் துண்டிப்பும் விதித்தார்கள். அடுத்த மாதமே துண்டிப்பை எடுத்துவிட்டார்கள். எங்கள் வீட்டிலோ ஒரே வைஃபையில் நான், மனைவி, மச்சான், மாடி வாடகைக்காரர் என்று ஏழு பேர். எச்சரிக்கை யார் பெயருக்கு வரும்? பில் கட்டும் என் பெயருக்குத்தான்.

6 ஆகஸ்ட் 2023

இந்தப் பக்கத்தை இன்னும் யாராவது பார்க்கிறீர்களா? அந்தப் பையனுக்கு இப்போது 24 வயது இருக்கும்.

ஒளிப்பதிவுச் சட்டத் திருத்தம் ஜூலை 27-ல் மாநிலங்களவையிலும் 31-ல் மக்களவையிலும் நிறைவேறிவிட்டது. தியேட்டரில் செல்போனைத் தூக்கிப் படத்தைப் பதிவு செய்தால் குறைந்தது 3 மாதம், கூடினால் 3 வருஷம் சிறை. அபராதம் 3 லட்சத்தில் தொடங்கி, படத்தின் கணக்குத் தணிக்கை செய்த தயாரிப்புச் செலவில் 5 சதவீதம் வரை போகலாம். 2019 மசோதாவில் 10 லட்சம் என்று நின்றது. இப்போது 100 கோடி ரூபாய் படம் என்றால் 5 கோடி. பெரிய பட்ஜெட் படத்தைத் திருடினால் பெரிய தண்டனை, சின்ன படத்துக்குச் சின்னது. திருடுகிறவன் முதலில் பட்ஜெட் விசாரித்துக்கொண்டு போக வேண்டும் போலிருக்கிறது.

நான் படித்த அளவில் வீட்டில் உட்கார்ந்து பார்ப்பவன் இந்தப் பிரிவுகளுக்குள் வரவில்லை. பதிவு செய்பவனும், லாபத்துக்காகக் காட்டுபவனும்தான். இது சரியான இடத்தில் கைவைத்த சட்டம். வருஷத்துக்கு 20,000 கோடி நஷ்டம் என்று அமைச்சர் சொல்லும் கணக்குதான் எனக்கு இறங்கவில்லை. காலண்டருக்குப் பின்னால் இருந்து நான் எடுத்த படங்களில் பாதியை, பத்து ரூபாய்க்குக் கிடைக்காவிட்டால் பார்த்திருக்கவே மாட்டேன். அதையும் நஷ்டத்தில் சேர்த்திருப்பார்களோ என்னவோ.

போன மாதம் 24-ஆம் தேதி வந்த இன்னொரு அரசு அறிவிப்பு எங்கள் தொழிலில் பெரிய பேச்சு. கல்யாணத்தில் பாட்டு போடுவதற்கு ராயல்டி கேட்கக் கூடாது. காப்புரிமைச் சட்டம் 52-ஆம் பிரிவில் ஏற்கெனவே இருப்பதுதான், மாப்பிள்ளை ஊர்வலம் உட்பட. மண்டப மேனேஜர் அதைப் பிரிண்ட் எடுத்து ஆபீஸ் சுவரில் ஒட்டிவிட்டார். மண்டபத்தில் பாடலாம், சரி. அதே பாட்டை நான் வீடியோவில் சேர்த்து ஏற்றினால்? அதற்கு அந்தத் தாள் உதவாது. இதை மேனேஜரிடம் விளக்கிப் பார்த்தேன், என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

12 நவம்பர் 2023

திருட்டுப் படப் புகார்களுக்காக மத்திய அரசு இப்போது 12 அதிகாரிகளை நியமித்திருக்கிறது. படத்துக்கு உரிமை உள்ளவர் அவர்களிடம் புகார் கொடுத்தால், 48 மணி நேரத்துக்குள் இணைப்பை எடுக்கவேண்டும். நீதிமன்றம்கூட வேண்டாம்.

தயாரிப்பாளராக நினைத்துப் பார்த்தால் இது தேவைதான். வெள்ளிக்கிழமை வெளியான படத்துக்குத் திங்கட்கிழமை உத்தரவு கிடைத்து என்ன பிரயோஜனம்? மகாமகக் குளத்து வீடியோவுக்கு எனக்கு இரண்டு நாளே இரண்டு யுகமாக இருந்தது. ஆனால் பேஸ்ட்பின் மாதிரி, ஆர்க்கைவ் மாதிரி, என் விமியோ மாதிரி ஏதாவது ஒன்று பட்டியலில் தவறி விழுந்தால் அந்த 48 மணி நேரத்தில் நான் எந்தக் கதவைத் தட்டுவது? புகார் கொடுக்க 12 பேர் இருக்கிறார்கள். "சார், நான் அசோக் குமார் இல்லை" என்று போய்ச் சொல்ல ஒரு மேஜை எங்கே இருக்கிறது என்று அறிவிப்பை இரண்டு தடவை படித்தும் எனக்குப் பிடிபடவில்லை.

13 நவம்பர் 2023

மிக்சிங்குக்கு இப்போது என்ன பண்ணுகிறாய் என்று கேட்டவருக்கு: இரண்டு பிரதி. பென் டிரைவில் சினிமாப் பாட்டோடு ஒன்று, அது அவர்கள் வீட்டு டிவிக்கு. யூடியூபுக்குப் பாட்டே இல்லாமல் மண்டபத்துச் சத்தத்தோடு ஒன்று. நேற்று ஒரு அம்மா போன் பண்ணி, "பாட்டு போடச் சொன்னா, சாம்பார் கேக்குற சத்தமெல்லாம் வருதே தம்பி" என்றார். இரண்டாவது பிரதிக்கு 500 ரூபாய் கூடுதல் என்பதை இனி முன்பணம் வாங்கும்போதே சொல்லிவிட வேண்டும்.